கை வீக்கத்துக்கு லைட்டு வைக்கலாமா? முதல்ல கட்டு, அப்புறம் லைட்டு

1/
"இந்த லைட்டு வச்சா கை வத்திடும்னு சொல்றாங்களே, நெசமா டாக்டரம்மா? இல்ல, மறுபடியும் கரண்டா?"

காசிமேட்டுல மீன் வெட்டிக் கொடுக்கிற ஒரு அக்கா என்கிட்ட கேட்ட கேள்வி இது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் எல்லாம் முடிஞ்சு ரெண்டு வருஷம். நோய் இல்ல. ஆனா இடது கை வலது கையைவிட நல்லாவே பெருசு. (அடையாளம் தெரியக் கூடாதுன்னு ரெண்டு மூணு பேரோட கதையை ஒருத்தரா ஆக்கி எழுதுறேன்.)

2/
அவங்க கையில ஒரு துண்டுச்சீட்டு. எங்கேயோ ஒரு தனியார் கிளினிக்ல எழுதிக் கொடுத்தது. லேசர், 20 சிட்டிங், மொத்தமா கட்டினா தள்ளுபடி. கம்மலை அடகு வைக்கலாமான்னு யோசிச்சுட்டு வந்திருந்தாங்க. அந்தச் சீட்டுல கட்டு போடுறது பற்றி ஒரு வரி இல்ல. ஸ்லீவ் இல்ல, உடற்பயிற்சி இல்ல. கையை அளந்த கணக்குகூட இல்ல.

நீளமான பதிவு. பொறுமையா படிங்க. வீட்ல யாருக்காவது இந்தச் சிகிச்சை நடந்திருந்தா சேமிச்சு வச்சுக்கோங்க.

3/
என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். ஒளிச் சிகிச்சை பொய் இல்ல. ஆனா அது துணை வைத்தியம். கட்டு, ஸ்லீவ், பயிற்சி, தோல் பராமரிப்பு, இதுதான் முதன்மை வைத்தியம். முதன்மை வைத்தியத்தைக் கொடுக்காம துணையை மட்டும் விற்கிறது தப்பு. அப்படி விற்க இடம் கொடுத்தது, நோயாளிகிட்ட ஒண்ணும் சொல்லாம விட்ட எங்களை மாதிரி டாக்டர்கள்தான்.

4/
கை ஏன் வீங்குது? உடம்புல ரத்தக் குழாய் போலவே நிணநீர்க் குழாய்களும் இருக்கு. திசுக்கள்ல தேங்குற நீரையும் புரதத்தையும் திரும்ப எடுத்துட்டுப் போறது அதோட வேலை. கையிலிருந்து வர்ற பெரும்பாலான குழாய்கள் அக்குள்ல இருக்கிற நிணநீர் கணுக்கள் வழியாப் போகும். 'நெறி கட்டியிருக்கு'ன்னு சொல்றோமே, அந்த நெறிதான். புற்றுநோய் அங்கே பரவியிருக்கலாம்னு ஆபரேஷன்ல அவற்றை எடுக்கிறோம். மிச்சம் இருக்கிற இடத்துல கதிர்வீச்சு தழும்பை உண்டாக்கும். வடிகால் அடைஞ்சா தெருவுல தண்ணி நிக்கும். கையிலயும் அதேதான். இதுக்குப் பேர் லிம்ஃபடீமா, நிணநீர் வீக்கம்.

5/
எத்தனை பேருக்கு வரும்? 2013-ல் லான்செட் ஆன்காலஜி இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவங்கள்ல சுமாரா ஐந்துல ஒருத்தருக்குக் கை வீக்கம். அக்குள் கணுக்களை மொத்தமா எடுத்தவங்கள்ல சுமார் 20 சதவீதம். முதல் ஒண்ணு ரெண்டு கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கிற முறையில 6 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. நம்ம ஊர்ல நிறைய பேர் கட்டி பெருசான பிறகுதான் வர்றாங்க. அதனால மொத்தமா எடுக்க வேண்டியவங்களும் நிறைய.

6/
"உயிருக்கு ஆபத்தில்லையே, வீக்கம்தானே"ன்னு நினைக்காதீங்க. தேங்கின நீர்ல கிருமி சீக்கிரம் பெருகும். மீன் முள்ளு குத்தின ஒரு சின்னக் காயம் போதும். ராத்திரி குளிர் ஜுரம், காலையில கை செவந்து சூடாகும். இது செல்லுலைட்டிஸ். ஒருமுறை வந்தா இருக்கிற குழாயும் கெடும், வீக்கம் ஏறும், அடுத்த தடவை இன்னும் சுலபமா வரும். காசிமேட்டுல கெளுத்தி முள்ளு, எண்ணூர் கழிமுகச் சேத்துல இறால் தேடுற கைக்குக் கிளிஞ்சல் கீறல், திருவொற்றியூர் பட்டறையில இரும்புத் தூள். வடசென்னைப் பெண்களோட கை சும்மா இருக்கிற கை இல்ல.

7/
இன்னொரு வேதனை இருக்கு. தெருவுல பார்க்கிறவங்க "யானைக்கால் வியாதி கையில வந்திருக்கு"ன்னு சொல்லிடுறாங்க. யானைக்கால் கொசுவால பரவுற ஃபைலேரியா புழுவால வர்றது. இது சிகிச்சையோட பின்விளைவு. ரெண்டுலயும் அடைபடுறது நிணநீர்க் குழாய்தான், ஆனா இது யாருக்கும் ஒட்டாது. புற்றுநோயைத் தாண்டி வந்த ஒரு பெண் அதுக்கப்புறம் புடவைத் தலைப்புல கையை மறைச்சுட்டு நடக்கிறாங்கன்னா, சிகிச்சை முழுசா முடியலைன்னு அர்த்தம்.

8/
இப்போ என் தப்பு. டாக்டரான ஆரம்ப வருஷங்கள்ல நானும் சொல்லியிருக்கேன்: "ஆபரேஷன் பண்ணினா அப்படித்தாம்மா இருக்கும், நோய் போச்சுன்னு சந்தோஷப்படுங்க." ரெண்டு நிமிஷ ஓ.பி.யில இதைச் சொல்லி அனுப்பிட்டா அடுத்தவரைப் பார்க்கலாம். சிலருக்கு நீர் மாத்திரையும் எழுதினேன். நிணநீர் வீக்கத்துக்கு நீர் மாத்திரை சரியான வைத்தியம் இல்ல. தண்ணிதான் வெளியேறும், புரதம் அங்கேயே தங்கும். நாங்க வாயை மூடிக்கிட்டதால அவங்க வேற கதவைத் தட்டினாங்க. அங்கே லைட்டு இருந்துச்சு.

9/
சரி, அந்த லைட்டு என்ன? குறைந்த சக்தி லேசர். இப்போ ஃபோட்டோபயோமாடுலேஷன்னு பேர். 'கரண்ட்'னு நாம சொல்ற கதிர்வீச்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கதிர்வீச்சு செல்லை அழிக்கிறதுக்கு. இது சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளி. சுடாது, வெட்டாது, எரிக்காது. கை வீக்க ஆய்வுகள்ல பேசப்படுற 904 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கே தெரியாது. தெரியலைன்னாலும் கண்ணுக்கு ஆபத்து உண்டு, அதுக்கான பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

10/
இது நேத்து வந்த விஷயம் இல்ல. 1967-ல் புடாபெஸ்ட்ல எண்ட்ரே மெஸ்டர்னு ஒரு டாக்டர் எலிகள் மேல லேசர் வச்சு சோதிச்சார். மழிச்ச இடத்துல முடி சீக்கிரம் வளர்ந்ததைக் கவனிச்சார். அங்கிருந்து தொடங்கினது. செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியை உள்வாங்குது, வீக்கம் உண்டாக்குற வேதிப்பொருட்கள் மாறுது, தழும்பு இளகுது, நிணநீர்க் குழாய் நல்லா சுருங்கி விரியுதுன்னு விளக்கம் சொல்றாங்க.

11/
ஒளியை நான் கேலி பண்ணலை. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கும்போது வாய் முழுக்கப் புண்ணாகும், எச்சில் விழுங்க முடியாது. அதைக் குறைக்க இதே ஒளி உதவுதுன்னு நல்ல ஆதாரம் இருக்கு. கர்நாடகாவோட மணிப்பால்ல 221 நோயாளிகளை வச்சு செஞ்ச ஆய்வு 2012-ல் வெளியாச்சு. உலக அளவிலான வழிகாட்டுதல்களும் பரிந்துரைக்குது. ஆனா வாய்ப்புண்ணுக்கு இருக்கிற அளவு ஆதாரம் கை வீக்கத்துக்கு இல்ல.

12/
கை வீக்கத்துக்கு என்ன இருக்கு? அடிக்கடி சொல்லப்படுறது 2003-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு. அறுபத்துச் சொச்சம் பெண்கள். சிலருக்கு நிஜ லேசர், சிலருக்கு ஒளி வராத போலி லேசர். வாரத்துக்கு 3 முறை, 3 வாரம், அது ஒரு சுற்று. ஒரு சுற்றுல பெரிய பலன் இல்ல. இடைவெளி விட்டு ரெண்டாவது சுற்றும் கொடுத்தாங்க. ரெண்டு மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா சுமார் மூணுல ஒருத்தருக்குக் கையோட கொள்ளளவு 200 மில்லிக்கு மேல குறைஞ்சிருந்துச்சு. மீதி ரெண்டு பேருக்கு அந்த அளவு குறையலை. இதையும் சேர்த்துப் படிக்கணும்.

13/
2006-ல் அமெரிக்காவோட எஃப்.டி.ஏ. இந்த வகை லேசர் கருவி ஒண்ணை, மார்பக அறுவைக்குப் பின் வர்ற கை வீக்கத்துக்கு விற்க அனுமதிச்சது. விளம்பரத்துல பெரிய எழுத்துல வர்ற வரி இதுதான். "எஃப்.டி.ஏ. அனுமதி"ன்னா "எல்லாருக்கும் குணமாகும்"னு அர்த்தம் இல்ல. 2015-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தப்போ, லேசர் சேர்த்தவங்களுக்குச் சேர்க்காதவங்களைவிடக் கூடுதலா குறைஞ்சது சராசரியா 75 மில்லி சொச்சம். டீக்கடை கிளாஸ்ல ஊத்தினா ஒரு கிளாஸ்கூட நிறையாது.

14/
2017-ல் ஜெர்மனியிலிருந்து ஒரு ஆய்வு வந்துச்சு. 40 பெண்கள், பாதிப் பேருக்கு நிஜ ஒளி, பாதிப் பேருக்குப் போலி ஒளி. முடிவுல ரெண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்ல. ஆக, சில ஆய்வு 'உதவுது'ங்குது, சில ஆய்வு 'இல்லை'ங்குது. எல்லாமே சின்னச் சின்ன ஆய்வு. கொடுத்த அளவும் இடத்துக்கு இடம் வேற. என் வாசிப்பு இதுதான்: தழும்பு இறுகி, கை கனமா இருக்கிற சிலருக்குக் கொஞ்சம் உதவலாம். தனியா நின்னு கையை வத்த வைக்கும்னு யாராவது உறுதி கொடுத்தா நம்பாதீங்க.

15/
அப்போ கையை வத்த வைக்கிறது எது? நாலு விஷயம், சேர்த்துச் செய்யணும். ஒண்ணு, தோல் பராமரிப்பு. ரெண்டு, பயிற்சி பெற்ற கைகளால மெதுவா நிணநீரை நகர்த்துற மசாஜ். இது எண்ணெய் தேய்ச்சு அழுத்துற மசாஜ் இல்ல, தோலை மட்டும் லேசா நகர்த்துறது. மூணு, பல அடுக்குக் கட்டு. நாலு, உடற்பயிற்சி. முதல் சில வாரம் தினமும் கட்டுப் போட்டுக் கையைக் குறைக்கணும். குறைஞ்சதைத் தக்க வைக்க அப்புறம் ஸ்லீவ். பல பத்து வருஷமா உலகம் முழுக்க நிக்கிற வைத்தியம் இது.

16/
மெடிக்கல் ஷாப்ல கிரேப் பேண்டேஜ் வாங்கி நீங்களே இறுக்கிச் சுத்திக்காதீங்க. மேல இறுக்கம், கீழ தளர்வுன்னு ஆனா விரல் வீங்கும். விரல்ல தொடங்கி மேல போகப் போக அழுத்தம் குறையணும். அதுக்கு ஒரு முறை இருக்கு, கத்துக்கணும். கத்துக்கிட்டா வீட்லயே மகளோ கணவரோ போட்டுவிடலாம். இதைக் கத்துக்கொடுக்கத் தெரிஞ்ச பிசியோதெரபிஸ்ட்தான் உங்களுக்குத் தேவை. லைட்டு மெஷின் அதுக்கு அப்புறம்.

17/
"மே மாச வெயில்ல ஸ்லீவா? வேர்த்து நாறுது டாக்டரம்மா." நியாயமான கேள்வி. வெளிநாட்டுப் புத்தகத்துல இதுக்குப் பதில் இல்ல. நான் சொல்றது: ரெண்டு ஸ்லீவ் வச்சுக்கோங்க, ஒண்ணு துவைச்சா ஒண்ணு போட. வேலை செய்யும்போதும் கையைத் தொங்கவிட்டு நிக்கும்போதும் அவசியம் போடுங்க, ராத்திரி கழட்டிடுங்க. மீன் வெட்டும்போது ஸ்லீவுக்கு மேல நீளமான ரப்பர் கையுறை. ஆறேழு மாசத்துல இழுவை போயிடும். தளர்ந்த ஸ்லீவ் வெறும் துணி. விலை ஆயிரக்கணக்குல. அதனாலதான் லைட்டுக்குப் போற காசை முதல்ல இதுக்கு ஒதுக்குங்கன்னு கெஞ்சுறேன்.

18/
"அந்தக் கையில குடம் தூக்கக் கூடாது, அடிபம்பு அடிக்கக் கூடாது"ன்னு பயமுறுத்திட்டோம். லாரித் தண்ணிக்கு நிக்கிற தெருவுல அதை எப்படிக் கடைப்பிடிக்கிறது? 2009-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல 141 பெண்களை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. ஏற்கனவே வீக்கம் இருந்தவங்க, மேற்பார்வையில கொஞ்சம் கொஞ்சமா எடை கூட்டித் தூக்கினாங்க. வீக்கம் கூடலை. திடீர்னு அதிகமாகிற தொந்தரவுகூட குறைஞ்சது. ஸ்லீவ் போட்டு, சின்னக் குடத்துல தொடங்கி மெதுவா கூட்டுங்க. முதல் நாளே பெரிய குடம் வேண்டாம்.

19/
செலவே இல்லாத வைத்தியம் ஒண்ணு: சோப்புத் தண்ணி. பிரேசிலோட ரெசிஃபி நகரத்துல கெருசா டிரேயர்ங்கிற டாக்டர் யானைக்கால் நோயாளிகளுக்கு இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. தினமும் சோப்பு போட்டுக் கழுவு, விரலிடுக்கு வரை துடை, காயத்தைக் கவனி. கிருமித் தாக்குதல் வர்றது குறைஞ்சது. கேரளாவுல காசர்கோட்டுலயும் இப்படிப்பட்ட தோல் பராமரிப்பை அடிப்படையா வச்சு வீக்கத்துக்கு வைத்தியம் பண்றாங்க. கையும் அதேதான். வேலை முடிஞ்சதும் கழுவுங்க, துடைங்க, தேங்காய் எண்ணெயோ களிம்போ தடவுங்க. முள்ளு குத்தினா உடனே கழுவுங்க, மஞ்சள் அப்பிட்டு மூணு நாள் காத்திருக்காதீங்க.

20/
லைட்டுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க.
அ) என் ரெண்டு கையையும் டேப் வச்சு அளந்தீங்களா? எழுதிக் கொடுங்க.
ஆ) லைட்டோட கட்டும் பயிற்சியும் கொடுப்பீங்களா?
இ) இது லேசரா, சும்மா சூடு கொடுக்கிற லேம்ப்பா? என்ன அலைநீளம், என்ன அளவு?
ஈ) ஒரு சுற்று முடிஞ்சு அளந்து பார்த்து, குறையலைன்னா நிறுத்துவீங்களா?
பதில் இல்லைன்னா எழுந்து வந்துடுங்க. சூடு கொடுக்கிற சிவப்பு லேம்ப் இந்தக் கைக்கு வேண்டாம். ஆன்லைன்ல வர்ற சிவப்பு பல்பும் வேண்டாம்.

21/
எப்போ லைட்டும் வேண்டாம், மசாஜும் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போகணும்?
• ஜுரத்தோட கை செவந்து சூடானா, அதே நாள். ஆன்டிபயாடிக் வேணும்.
• திடீர்னு ரெண்டு மூணு நாள்ல கை ஊதினா. ரத்தக் குழாய்ல கட்டி உறைஞ்சிருக்கலாம்.
• வருஷக்கணக்கா நல்லா இருந்த கை காரணமில்லாம வீங்கினா, வலி அதிகமானா, விரல் மரத்தா, அக்குள்லயோ கழுத்துலயோ கட்டி தென்பட்டா. நோய் திரும்பியிருக்கான்னு முதல்ல பார்க்கணும்.
புற்றுநோய்க் கட்டி இருக்கிற இடத்து மேல இந்த ஒளியை வைக்கக் கூடாது. பரிசோதிக்காம லைட்டு வைக்கிறவங்ககிட்ட எனக்கு இருக்கிற பெரிய பயம் இதுதான்.

22/
இப்போ கணக்கு. எண்ணூர்லேர்ந்து அடையாறு 25 கிலோமீட்டருக்கு மேல. வாரம் 3 நாள், 3 வாரம், 9 தடவை. ஒரு நாள் கூலி 500 ரூபாய்னு வச்சுக்கிட்டாலே 4,500 ரூபாய் போச்சு. வைத்தியச் செலவு தனி. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துச்சு, நல்லதுதான். ஆனா நாலு மணிக்கு ஏலத்துக்கு நிக்கிற பெண்ணுக்கு ரயில் மட்டும் போதாது. வைத்தியம் வடசென்னையிலயே கிடைக்கணும்.

23/
கிடைக்க முடியாத இடமா இது? 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லி மருத்துவமனையில கை அறுவை சிகிச்சைக்குன்னு தனிப் பிரிவு தொடங்கினார். மெஷின்ல கை மாட்டின தொழிலாளிக்கு விரலைத் தைக்கிறதோட நிறுத்தாம, அந்தக் கையை மறுபடி வேலைக்குப் பழக்குற மறுவாழ்வையும் சேர்த்துச் செய்ற இடம் அது. தொழிற்பேட்டை சூழ்ந்த ஊருக்கு என்ன தேவைன்னு அன்னைக்குப் புரிஞ்சது. தொழிற்சாலையில அடிபட்ட கைக்கு மறுவாழ்வு உண்டுன்னா, புற்றுநோய்ச் சிகிச்சையில வீங்கின கைக்கும் உண்டுதானே? அதுவும் உழைக்கிற கைதான்.

24/
நான் கேட்கிறது பெருசு இல்ல. அக்குள் கணு எடுக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆபரேஷனுக்கு முன்னாடியே ரெண்டு கையையும் அளந்து எழுதணும். டெய்லர் கடை இஞ்ச் டேப் போதும். கட்டுப் போடத் தெரிஞ்ச பிசியோதெரபிஸ்ட் வடசென்னையில இருக்கணும். 2021 ஆகஸ்ட்ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல ஏற்கனவே பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர்றாங்க. அவங்களுக்கு இந்தப் பயிற்சியும் கட்டுத் துணியும் கொடுக்கணும். வருஷத்துக்கு ரெண்டு ஸ்லீவ் இலவசமா வேணும். இதெல்லாம் நடந்த பிறகு ஒரு லேசர் மெஷின் வாங்குங்க, கணக்கு வச்சு, யாருக்கு உதவுதுன்னு பாருங்க. நானே கைதட்டுவேன்.

25/
"கட்டு, ஸ்லீவ் கிடைக்காத ஊர்ல லைட்டாவது கிடைக்கட்டுமே, சும்மா இருக்கிறதுக்கு அது மேல் இல்லையா?"ன்னு ஒரு நண்பர், அவரும் டாக்டர்தான், கேட்டார். லைட்டு இலவசம்னா நானும் அவ்வளவு சண்டை போட மாட்டேன். ஆனா கம்மலை அடகு வச்சு லைட்டுக்குக் கட்டின பெண்ணுக்கு அப்புறம் ஸ்லீவ் வாங்கக் காசு இருக்காது. பலன் இல்லைன்னதும் "எனக்கு எதுவும் கேட்காது"ன்னு மனசு விட்டுடுவாங்க. போறது காசு மட்டும் இல்ல, நம்பிக்கையும்தான்.

26/
அந்த அக்கா கம்மலை அடகு வைக்கலை. அளந்தோம், முழங்கைக்குக் கீழ 4 சென்டிமீட்டர் வித்தியாசம். மூணு வாரம் கட்டு. அவங்க மக கத்துக்கிட்டா, இப்போ என்னைவிட நல்லாப் போடுறா. வித்தியாசம் ரெண்டுக்கு வந்துச்சு. சித்திரை வெயில்ல ஸ்லீவைக் கழட்டி வச்சுட்டாங்க, மறுபடி மூணாச்சு, திட்டு வாங்கினாங்க, திரும்பப் போட்டாங்க. முழுசா வத்தலை. இது ரத்த அழுத்தம் மாதிரி, வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்க வேண்டியது. ஆனா அதுக்கப்புறம் ஒரு தடவைகூட செல்லுலைட்டிஸ் வரலை.

27/
போன வாரம் வந்தப்போ கேட்டாங்க: "இப்ப அந்த லைட்டு வச்சுக்கலாமா டாக்டரம்மா?" கையில தழும்பு இறுக்கம் இன்னும் இருக்கு. "எங்கேயாவது நியாயமான செலவுல, அளந்து வைக்கிற இடமா கிடைச்சா ஒரு சுற்று பார்க்கலாம்க்கா. ஸ்லீவை மட்டும் விடாதீங்க"ன்னேன்.

உங்க வீட்ல, தெருவுல, மார்க்கெட்ல இப்படி ஒரு கை இருந்தா, இன்னைக்கே ஒரு இஞ்ச் டேப் எடுத்து ரெண்டு கையையும் மணிக்கட்டு, முன்கை, மேல்கைன்னு ஒரே இடங்கள்ல அளந்து தேதியோட எழுதி வைங்க. 2 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தா காத்திருக்காதீங்க. சீக்கிரம் பிடிச்சா சீக்கிரம் கட்டுப்படும். கேள்வி இருந்தா கீழே கேளுங்க, முடிஞ்சவரை பதில் சொல்றேன்.